மழையோடு வளர்ந்த மலைநடை: இங்கிலாந்தின் ஏரி வட்டாரப் பாதைகள்

இங்கிலாந்தின் வடமேற்கு ஓரத்தில், ஐரிஷ் கடலை ஒட்டிய கம்ப்ரியாவில் இருக்கிறது லேக் டிஸ்ட்ரிக்ட் எனப்படும் ஏரி வட்டாரம். அங்கே மிக உயர்ந்த சிகரமான ஸ்காஃபெல் பைக்கின் உயரம் 978 மீட்டர். கொடைக்கானல் ஊர் இருக்கும் உயரத்தில் பாதிகூட இல்லை. ஆனாலும் வேறு வேலை எதுவும் இல்லாமல், நடப்பதற்காகவே மலைக்குப் போகும் வழக்கம் ஐரோப்பாவில் வேர்பிடித்த முக்கியமான இடங்களில் இதுவும் ஒன்று. அந்த வழக்கம் வளர்ந்தது நல்ல வெயிலில் அல்ல. இங்கிலாந்திலேயே அதிகமாக மழை கொட்டும் மலைகள் இவை. பாதைகள் எங்கே போயின, நடப்பவர்கள் எதை உடுத்தினார்கள், ஏரிகளுக்காக யார் யாரோடு மோதினார்கள், இன்று பாதைகளை எப்படிச் செப்பனிடுகிறார்கள் என்ற எல்லாவற்றிலும் மழையின் கை இருக்கிறது.

பனியுகத்தில் பனியாறுகள் இந்த மலைகளைக் குடைந்து ஆழமான பள்ளத்தாக்குகளை உண்டாக்கின. பனி உருகியபின் அவற்றில் தேங்கிய நீரே விண்டர்மியர், அல்ஸ்வாட்டர், டெர்வென்ட்வாட்டர், வாஸ்ட்வாட்டர் முதலிய ஏரிகள். நடுமையத்திலிருந்து சக்கரத்தின் ஆரக்கால்களாகப் பள்ளத்தாக்குகள் பிரிந்து போவதாகக் கவிஞர் வேர்ட்ஸ்வொர்த் விவரித்தார். நிலப்படத்தை எடுத்துப் பார்த்தால் அது எவ்வளவு சரியான விவரிப்பு என்பது புரியும். அட்லாண்டிக்கிலிருந்து ஈரத்தைச் சுமந்து வரும் தென்மேற்குக் காற்று இந்த மலைகளில் மோதி மேலெழுகிறது. மேலே குளிர்ந்து மழையாகிறது. பாரோடேல் பள்ளத்தாக்கின் தலைமாட்டில் சில வீடுகளும் ஒரு பண்ணையுமாக இருக்கும் சீத்வெய்ட் என்ற சிற்றூரில் ஆண்டுக்குச் சுமார் 3,300 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. அங்கிருந்து 13 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் கெஸ்விக் நகரில் அதில் பாதியும் இல்லை. சீத்வெய்ட்டுக்கு மேலே ஸ்பிரிங்க்ளிங் டார்ன் என்ற மலைச்சுனையருகே அளவு 5,000 மில்லிமீட்டரைத் தொடுகிறது. தமிழ்நாட்டின் ஆண்டுச் சராசரி 920 மில்லிமீட்டர் அளவில்தான் என்பதை இதோடு வைத்துப் பார்க்கலாம்.

அளவைவிட முக்கியமானது மழை பெய்யும் விதம். இங்கே பருவமழை என்று தனியாக எதுவும் கிடையாது. ஆண்டில் சுமார் 200 நாள் ஏதோ ஒரு வகையில் நனைகிறது. சாரல், தூறல், அடைமழை, மலையுச்சியை விட்டு நகராத மூடுமேகம் என்று மாறிமாறி வரும். கடினமான எரிமலைப் பாறையின் மேல் மெல்லிய மண்ணும், நீரூறிய கரிமண் சதுப்பும்தான் இருக்கின்றன. விழும் நீர் நிலத்துக்குள் இறங்காமல் உடனே ஓடைக்கு வந்துவிடுகிறது. காலையில் கால் நனையாமல் தாண்டிய ஓடையை மாலையில் கடக்க முடியாமல் போவது இந்த மலைகளில் சாதாரணம். இங்கே நடந்த எல்லாத் தலைமுறையினரும் முதலில் கற்க வேண்டியிருந்தது இந்தப் பாடத்தைத்தான்.

முதல் பாதைகள் தேவைக்காகப் போட்டவை. ரோமானியர்கள் பென்ரித் அருகே இருந்த புரூம் கோட்டையையும் ஆம்பிள்சைடு கோட்டையையும் இணைக்க ஒரு சாலையை மலைமுகட்டின் வழியாகவே கொண்டுபோனார்கள். 828 மீட்டர் உயரம்வரை ஏறும் அந்த முகட்டுக்கு இன்றும் ஹை ஸ்ட்ரீட் என்றே பெயர். அடர்காடும் சேறும் நிறைந்த பள்ளத்தாக்குகளைவிடக் காற்றடிக்கும் முகடு படைகளுக்கு வசதியாக இருந்தது. ரோமானியர் போனபின் அந்த வழி மேய்ப்பர்களின் கைக்கு வந்தது. வழிதவறி வேறு பள்ளத்தாக்கு மந்தையில் கலந்த ஆடுகளை உரியவரிடம் ஒப்படைக்க ஆண்டுதோறும் ஜூலையில் அவர்கள் முகட்டில் கூடினார்கள். கூடிய இடத்தில் மல்யுத்தமும் குதிரைப் பந்தயமும் நடந்தன. 1835 வரை இந்தக் கூட்டங்கள் நீடித்தன.

சவப்பாதைகள் இன்னொரு வகை. ஒதுக்குப்புறமான பள்ளத்தாக்குகளில் பிணம் புதைக்க அங்கீகரிக்கப்பட்ட இடம் இல்லாததால், இறந்தவர்களைக் குதிரையின் முதுகில் கட்டி, மலை தாண்டி, தாய்த் திருச்சபை இருந்த ஊருக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது. மார்டேல் பள்ளத்தாக்கிலிருந்து ஷாப் ஊருக்கும், வாஸ்டேல் தலைப்பிலிருந்து பர்ன்மூர் சுனையைத் தாண்டி எஸ்க்டேலுக்கும் இப்படி வழிகள் உண்டு. மார்டேலுக்குச் சொந்தமாக இடுகாடு கிடைத்த பிறகு, 1736-இல் கடைசி உடல் ஷாப்புக்குப் போனது. இரு நூற்றாண்டுக்குப் பின் மார்டேலின் இறந்தவர்கள் மறுபடியும் அதே ஊருக்குப் பயணப்பட நேர்ந்தது. அந்தக் கதை பின்னால் வருகிறது.

அன்றாடச் சரக்கைச் சுமந்தவை பொதிக்குதிரைகள். கம்பளி, பலகைக்கல், உப்பு, சீத்வெய்ட்டில் வெட்டியெடுத்த பென்சில் கரி எல்லாமே அவற்றின் முதுகில்தான் கணவாய் கடந்தன. பதினாறாம் நூற்றாண்டில் கண்டெடுக்கப்பட்ட அந்தக் கரிக்கு வந்த விலையால் திருட்டு பெருகி, 1752-இல் அதைத் திருடுவதைக் கடுங்குற்றமாக்கி நாடாளுமன்றம் சட்டமே போட்டது. சீத்வெய்ட்டிலிருந்து ஸ்டை ஹெட் கணவாய்க்கு ஏறும் வழியில் ஸ்டாக்லி பாலம் என்ற ஒற்றை வளைவுக் கற்பாலம் இருக்கிறது. இத்தகைய பாலங்களின் கைப்பிடிச் சுவர் முழங்கால் உயரத்தைத் தாண்டாது. சில பாலங்களுக்குச் சுவரே கிடையாது. குதிரையின் இரு பக்கமும் புடைத்துத் தொங்கும் பொதிமூட்டைகள் இடிக்கக் கூடாது என்பதுதான் காரணம். வளைவு மட்டும் நீருக்கு மேல் நன்றாக உயர்ந்திருக்கும். மழை பெய்த அரைமணி நேரத்தில் ஓடை எவ்வளவு ஏறும் என்பது கட்டியவர்களுக்குத் தெரிந்திருந்தது. இன்று தோளில் பையோடு ஸ்காஃபெல் பைக் ஏறுபவர்களில் பலர் இந்தப் பாலத்தைத் தாண்டித்தான் போகிறார்கள்.

வெளியூர்க்காரர்கள் காட்சி பார்க்க வரத் தொடங்கியது பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில். கவிஞர் தாமஸ் கிரே 1769 அக்டோபரில் வந்தார். பாரோடேலின் நுழைவாயிலில் தலைக்கு மேல் தொங்கிய பாறைகளைக் கண்டு அஞ்சி, பள்ளத்தாக்கின் உட்பகுதிக்குப் போகாமல் திரும்பினார். அக்காலப் பயணிகள் மலையை நேராகப் பார்ப்பதைவிட, நிறம் பூசிய சிறிய குவிகண்ணாடியைக் கையில் பிடித்து, மலைக்கு முதுகைக் காட்டி நின்று, அதில் தெரியும் பிம்பத்தை ரசித்தார்கள். ஓவியம் போலத் தெரிய வேண்டும் என்பதே நோக்கம். கிரே அந்தக் கண்ணாடியில் பார்த்தபடியே நடந்து சேற்றுச் சந்து ஒன்றில் மல்லாந்து விழுந்தார்; கண்ணாடி தப்பியது, விரல்முட்டிகளில்தான் காயம். 1778-இல் தாமஸ் வெஸ்ட் என்ற பாதிரியார் எழுதிய வழிகாட்டி நூல், எந்தெந்த இடத்தில் நின்று ஏரியைப் பார்க்க வேண்டும் என்று வரையறுத்தது. விண்டர்மியர் கரையில் கிளெய்ஃப் என்ற இடத்தில் அதற்கென்றே மாளிகை கட்டி, சன்னல்களுக்குப் பல நிறக் கண்ணாடி பொருத்தினார்கள். ஒன்றில் பார்த்தால் இலையுதிர்காலம், இன்னொன்றில் நிலவொளி. மழை வந்தால் உள்ளேயே இருந்துகொள்ளலாம். பிரான்சோடு போர் மூண்டு ஐரோப்பாவுக்குப் போகும் வழி அடைபட்டபோது, வசதி படைத்த ஆங்கிலேயர்களின் கூட்டம் இங்கே இன்னும் பெருகியது.

இந்தக் கண்ணாடிப் பார்வையை உடைத்து, நனைந்தாலும் பரவாயில்லை என்று நடந்தவர்கள் அடுத்த தலைமுறைக் கவிஞர்கள். வில்லியம் வேர்ட்ஸ்வொர்த் இதே வட்டாரத்தின் காக்கர்மவுத் ஊரில் 1770-இல் பிறந்தவர். 1799 டிசம்பரில் தங்கை டோரதியோடு கிராஸ்மியரில் குடியேறினார். அவர் வாழ்நாளில் 1,75,000 மைலுக்கு மேல், அதாவது ஏறத்தாழ 2,80,000 கிலோமீட்டர் நடந்திருப்பார் என்று நண்பர் டி குவின்சி கணக்கிட்டார். தமிழ்நாட்டுப் பள்ளிகளில் ஆங்கிலப் பாடத்தில் பலர் படித்த டாஃபோடில் மலர்க் கவிதைக்கு அடிப்படையும் ஒரு மழைநாள் நடைதான். 1802 ஏப்ரல் 15 அன்று அண்ணனும் தங்கையும் அல்ஸ்வாட்டர் கரையோரமாக வீடு திரும்பினார்கள். காலையிலேயே மப்பு, காற்று நடக்கவிடாமல் தள்ளியது. கரை நெடுக மலர்களைக் கண்டது அந்தக் காற்றில்தான். பிறகு மழை பிடித்துக்கொள்ள, நனைந்து போய்ப் பேட்டர்டேல் விடுதியில் ஒதுங்கி, வெந்நீர் கலந்த ரம் குடித்து உடம்பைச் சூடாக்கிக்கொண்டார்கள். இவ்வளவும் டோரதியின் நாட்குறிப்பில் இருக்கிறது. கவிதையில் மழையும் இல்லை, டோரதியும் இல்லை. நடந்தது நடந்தபடி தெரிய வேண்டுமென்றால் நாட்குறிப்பைத்தான் படிக்க வேண்டும்.

அதே 1802 ஆகஸ்டில் கவிஞர் சாமுவேல் டெய்லர் கோல்ரிட்ஜ் கெஸ்விக்கிலிருந்து ஒன்பது நாள் தனிநடை புறப்பட்டார். கைத்தடிக்காக வீட்டுத் துடைப்பத்தைப் பிரித்துக் கம்பை மட்டும் உருவிக்கொண்டார். குச்சிகள் சமையலறைத் தரையில் சிதறிக் கிடந்தன. மாற்றுச் சட்டை, காலுறைகள், கொஞ்சம் தேயிலை, சர்க்கரை, காகிதம், ஆறு பேனா, ஒரு ஜெர்மன் புத்தகம் ஆகியவற்றைப் பச்சை நிற எண்ணெய்த் துணியில் சதுரமாக மடித்துக் கட்டி வலைப்பையில் போட்டுக்கொண்டார். மலைநடைக்காரர் ஒருவரின் மூட்டையில் என்ன இருந்தது என்று இவ்வளவு துல்லியமாகத் தெரியவரும் பழைய பதிவுகளில் இது ஒன்று; அதில் மழைக்கான ஏற்பாடும் இருப்பதைக் கவனிக்க வேண்டும். ஆகஸ்டு 5 அன்று ஸ்காஃபெல் சிகரத்தில் உட்கார்ந்து கடிதம் எழுதிவிட்டு, வழி தெரியாமல் படிப்படியான பாறைவிளிம்புகளில் ஒவ்வொன்றாகக் குதித்து இறங்கினார். திரும்ப ஏற முடியாது, கீழே என்ன இருக்கிறது என்றும் தெரியாது. எப்படியோ தப்பித்து இறங்கியதும் இடிமழை வந்தது; கல்லடுக்கிய ஆட்டுப்பட்டியில் ஒண்டிக்கொண்டார். பிராடு ஸ்டாண்ட் எனப்படும் அந்த இறக்கத்தில் இன்றும் விபத்துகள் நடக்கின்றன. ஈரப்பாறையில் அந்த வழியைத் தொடவே கூடாது என்பது அங்கே எல்லோருக்கும் சொல்லப்படும் எச்சரிக்கை.

பெண்கள் மலையேறுவது அரிதாக இருந்த காலத்தில், 1818 அக்டோபரில் டோரதி தன் தோழி மேரி பார்க்கரோடு ஸ்காஃபெல் பைக் ஏறினார். மேய்ப்பர் ஒருவர் வழிகாட்டியாக வந்தார். அந்த ஏற்றத்தைப் பற்றி டோரதி எழுதிய கடிதத்தை வேர்ட்ஸ்வொர்த் தன் ஏரி வட்டார வழிகாட்டி நூலின் பிந்தைய பதிப்பில் சேர்த்துக்கொண்டார்; எழுதியவர் பெயரைப் போடவில்லை. இது டோரதிக்குச் செய்யப்பட்ட அநீதி என்பதில் ஐயமில்லை. அந்த நூல் 1810-இல் வேறொருவரின் படத் தொகுப்புக்கு முன்னுரையாகத் தொடங்கி, 1835-இல் ஐந்தாம் பதிப்பாக முழுமை பெற்றது. மழையைக் குறையாகப் பார்க்காத முதல் வழிகாட்டி அதுதான் எனலாம். இங்கே பெய்யும் மழை பிற இடங்களைப்போல இரு மடங்கு இருக்கலாம், ஆனால் முழுமூச்சாகப் பெய்துவிட்டு வெறித்துவிடுகிறது என்று வேர்ட்ஸ்வொர்த் வாதிட்டார். மழைக்குப் பின் மலையில் ஒளியும் ஆவியும் மாறும் அழகு, மேகமே இல்லாத நாடுகளுக்குக் கிடைக்காதது என்றார். கோடை விடுமுறை மாதங்கள் மழை மிகுந்தவை. மே இறுதியிலிருந்து ஜூன் வரை வருவதே சிறந்தது என்ற அவரது யோசனை இன்றைக்கும் செல்லும்.

மலை அழகு உயிரையும் வாங்கும் என்பதை 1805-இல் நாடே அறிந்தது. அந்த ஏப்ரலில் சார்லஸ் காஃப் என்ற இளைஞர் தன் நாயோடு ஹெல்வெலின் மலையைத் தாண்டப் புறப்பட்டுக் காணாமல் போனார். மூன்று மாதம் கழித்து ஜூலையில் ஒரு மேய்ப்பர் நாய் குரைப்பதைக் கேட்டு, ரெட் டார்ன் சுனைக்கு அருகே எலும்புகளையும் பக்கத்திலேயே உயிரோடிருந்த நாயையும் கண்டார். வேர்ட்ஸ்வொர்த்தும் வால்டர் ஸ்காட்டும் தனித்தனியே கவிதை எழுதினார்கள். லேண்ட்சியர் ஓவியமாகத் தீட்டினார். நாயின் விசுவாசம் எல்லோர் நினைவிலும் தங்கியது. நிலம் அறியாதவர் மேகம் மூடும் மலையில் தனியே போகக் கூடாது என்ற எச்சரிக்கை அந்த அளவு தங்கவில்லை.

மழை எவ்வளவு என்பதை அளந்து காட்டியவர் வைட்ஹேவன் ஊர்க்காரரான ஜான் ஃபிளெட்சர் மில்லர். 1840-களில் அவர் பள்ளத்தாக்குகளிலும், ஸ்காஃபெல் பைக் உள்ளிட்ட உச்சிகளிலும் மழைமானிகளை வைத்தார். அவற்றைப் போய்ப் பார்த்து அளவெடுத்து வருவதே கடினமான மலைநடை. சீத்வெய்ட்டில் ஆண்டுக்கு மூன்று மீட்டருக்கு மேல் மழை பெய்வது இப்படித்தான் தெரியவந்தது. மழை மிகுந்த இந்தச் சிற்றூரின் பெயர் பிரிட்டிஷ் வானிலை நூல்களில் நிலைத்தது. அந்த எண்கள் மான்செஸ்டர் போன்ற பெருநகரங்களின் குடிநீர்த் தேவையோடு சேர்ந்தபோது, ஏரிகளின் தலைவிதியே மாறியது.

1847-இல் கெண்டலிலிருந்து விண்டர்மியருக்கு ரயில் வந்தது. அதற்கு மூன்று ஆண்டு முன்பே வேர்ட்ஸ்வொர்த் நாளிதழுக்குக் கடிதங்கள் எழுதி எதிர்த்தார். தொழில்நகரங்களிலிருந்து கும்பல் கும்பலாக வருபவர்களுக்கு இந்த இயற்கையை ரசிக்கும் பக்குவம் ஒரே நாளில் வந்துவிடாது என்பது அவர் வாதம். ரசிக்கத் தெரிந்த எவருக்கும் இந்த மண்ணில் பங்குண்டு என்று வழிகாட்டி நூலில் எழுதிய அதே மனிதர், பங்கு கேட்டு ஆலைத் தொழிலாளர்கள் வரப் போகிறார்கள் என்றதும் தடுத்தது ஏற்கத்தக்கதல்ல. காலமும் அவரை மறுத்தது. 1891-இல் லங்காஷயரின் கோல்ன் நகரப் போதகர் டி. ஏ. லெனார்ட், தன் சபையைச் சேர்ந்த தொழிலாளர்களை ஆம்பிள்சைடுக்கு நடைபயணமாக அழைத்து வந்தார். கடற்கரையில் குடித்துக் கும்மாளமிடுவதற்குப் பதிலாக மலையில் நடக்கும் விடுமுறை என்ற அந்த முயற்சி, கூட்டுறவு விடுமுறைச் சங்கமாக வளர்ந்தது. மலைகளைப் பின்னாளில் காப்பாற்றிய மக்கள் ஆதரவு இந்தத் தொழிலாளர் கூட்டத்திலிருந்தும் வந்தது.

நடப்பவர்களின் உடையும் இந்தக் காலத்தில் மாறியது. சார்லஸ் மாக்கின்டாஷ் ரப்பர் பூசிய துணிக்கு 1823-இல் காப்புரிமை பெற்றார். ஆரம்பகால மாக்கின்டாஷ் கோட்டு குளிரில் விறைத்தது, வெயிலில் ஒட்டியது, நாற்றமும் அடித்தது. மழைநீர் உள்ளே வராது; ஏற்றத்தில் சுரக்கும் வேர்வை வெளியே போகாது. ஆகவே மலையேறுபவர்கள் நெடுங்காலம் தடித்த கம்பளி உடையையே நம்பினார்கள். கம்பளி நனைந்தாலும் ஓரளவு சூடு தரும். ஆனால் நீரைக் குடித்துக் கனத்துவிடும். தரைவரை தொங்கிய ஈரப் பாவாடையோடு சரிவில் ஏறிய பெண்களின் சிரமத்தைச் சொல்லவே வேண்டாம். தாமஸ் பர்பரி 1879-இல் கொண்டுவந்த நெருக்கமாக நெய்த காபர்டீன் துணி ஒரு முன்னேற்றம். வேர்வை ஆவியாக வெளியேற, மழை மட்டும் நிற்கும் கோர்-டெக்ஸ் துணி கடைக்கு வந்தது 1976-இல்தான்.

காலணியின் வரலாறு பாறைகளிலேயே பதிந்திருக்கிறது. தோல் பூட்ஸின் அடியிலும் விளிம்பிலும் இரும்பு ஆணிகளை வரிசையாக அடித்துக்கொள்வது வழக்கம். விளிம்புக்குக் கிளிங்கர் என்ற மடிந்த ஆணி, பிறகு பல்பல்லாக நிற்கும் டிரிக்கூனி என்ற எஃகுத் தகடு. பாசி படர்ந்த ஈரக் கல்லிலும் புல்சரிவிலும் இவை நன்றாகப் பிடித்தன. இத்தாலியரான விட்டாலே பிரமானி 1937-இல் விப்ரம் ரப்பர் அடியைக் கொண்டுவந்தபின் ஆணி மெல்ல மறைந்தது. காய்ந்த பாறையில் ரப்பருக்கு ஈடில்லை. வழுக்கும் ஈரப்பாறையில் ஆணியே மேல் என்று சொன்ன பழையவர்களின் பேச்சில் உண்மை இருந்தது. பல ஏறுவழிகளில் அந்த ஆணிகள் கீறிய வெள்ளைக் கோடுகள் இன்னும் தெரிகின்றன.

நடக்கும் உரிமை கேட்காமல் கிடைக்கவில்லை. கெஸ்விக் நகருக்கு மேலே 368 மீட்டர் உயரத்தில் இருக்கும் லாட்ரிக் குன்றின் பாதையை நிலவுடைமையாளர் அடைத்தபோது, நகர மக்கள் பாதைப் பாதுகாப்புச் சங்கம் அமைத்தார்கள். 1887 அக்டோபரில் சுமார் 2,000 பேர் தடைகளை அகற்றிக்கொண்டு திரண்டு உச்சிக்கு ஏறினார்கள். வழக்கு நீதிமன்றத்துக்குப் போய், அடுத்த ஆண்டே உச்சிக்குப் போகும் பாதையில் மக்களுக்கு உரிமை உறுதியானது. இங்கிலாந்தில் மலைநடை உரிமைப் போராட்டம் என்றால் 1932-இல் கிண்டர் ஸ்கவுட்டில் நடந்ததைத்தான் எல்லோரும் சொல்வார்கள். அதற்கு 45 ஆண்டு முன்பே லாட்ரிக்கில் இது நடந்துவிட்டது.

அந்தப் போராட்டத்தில் முன்னின்றவர்களில் ஒருவரான ஹார்ட்விக் ரான்ஸ்லி என்ற போதகர், ஆக்டேவியா ஹில், ராபர்ட் ஹண்டர் ஆகியோரோடு சேர்ந்து 1895-இல் நேஷனல் டிரஸ்ட் அமைப்பைத் தொடங்கினார். 1902-இல் டெர்வென்ட்வாட்டர் கரையில் பிராண்டில்ஹோ காடு பொதுமக்களின் நன்கொடையால் வாங்கப்பட்டது. எழுத்தாளர் பீட்ரிக்ஸ் பாட்டர் 1943-இல் இறந்தபோது 4,000 ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தையும் பண்ணைகளையும் அந்த அமைப்புக்கே எழுதி வைத்தார். ஹெர்ட்விக் செம்மறியாடுகள் தொடர்ந்து அங்கே மேய வேண்டும் என்பதும் அவர் விருப்பம்.

இதற்கிடையில் மழைநீருக்காக நடந்த மோதல் ஏரிகளின் கரையையே மாற்றிவிட்டது. மான்செஸ்டர் மாநகராட்சி தர்ல்மியர் ஏரியை நீர்த்தேக்கமாக்க 1879-இல் சட்டம் பெற்றது. கலை விமர்சகர் ரஸ்கின் உட்படப் பலர் எதிர்த்தும் பயனில்லை. ஏரி மட்டத்தை ஏறத்தாழ 15 மீட்டர் உயர்த்தி, பம்பு எதுவும் இல்லாமல் சரிவிலேயே நீர் ஓடும்படி 154 கிலோமீட்டர் நீளக் கால்வாயும் குழாயும் அமைத்தார்கள். 1894 அக்டோபரில் ஏரிநீர் மான்செஸ்டரை அடைந்தது. பொறியியலாக அது வியக்கத்தக்க வேலை. சுற்றியுள்ள மலைகளில் மக்கள் வழக்கமாக நடந்துவந்த உரிமையைக் குறுக்கக் கூடாது என்ற விதியை அந்தச் சட்டத்திலேயே சேர்க்க வைத்தது எதிர்ப்பாளர்களின் வெற்றி. ஆனால் நீரின் தூய்மையைக் காரணம் காட்டிக் கரையோரம் பல பத்தாண்டுகள் நடப்பவர்களுக்கு அடைபட்டே கிடந்தது.

மார்டேலுக்கு நேர்ந்தது அதைவிடக் கொடியது. ஹாஸ்வாட்டர் ஏரியில் 1930-களில் அதே மாநகராட்சி அணை கட்டி நீர்மட்டத்தை 29 மீட்டர் உயர்த்தியது. மார்டேல் கிரீன் என்ற சிற்றூர், விடுதி, பண்ணைகள், தேவாலயம் அத்தனையும் மூழ்கின. 1935 ஆகஸ்டில் கடைசி வழிபாடு நடந்தது. இடுகாட்டிலிருந்து 97 பேரின் எச்சங்களைத் தோண்டியெடுத்து ஷாப் ஊரில் மறுபடியும் புதைத்தார்கள். 1736-இல் சவப்பாதையின் தேவையை முடித்துவைத்த அதே இடுகாடுதான் இப்படிக் காலியானது. கடும் வறட்சி ஆண்டுகளில் நீர் இறங்கும்போது ஊரின் கற்சுவர்களும் பழைய பாலமும் வெளியே தெரிகின்றன.

முதல் உலகப்போர் இந்த மலைகளுக்கு வேறொரு பொருளைச் சேர்த்தது. 1906-இல் தொடங்கிய ஃபெல் அண்ட் ராக் மலையேற்றக் கழகம், போரில் இறந்த தன் 20 உறுப்பினர்களின் நினைவாகக் கிரேட் கேபிளையும் சுற்றியுள்ள சிகரங்களையும் விலைக்கு வாங்கி நேஷனல் டிரஸ்டிடம் ஒப்படைத்தது. 1924 ஜூன் 8 அன்று 899 மீட்டர் உயர உச்சியில் வெண்கலப் பலகையைத் திறந்து வைத்தபோது மழையும் மூடுபனியும் சூழ்ந்திருந்தன. சுமார் 500 பேர் அந்த ஈரத்தில் ஏறி நின்றார்கள். இன்றும் நவம்பரில் நினைவு ஞாயிறன்று, என்ன மழை பெய்தாலும், நூற்றுக்கணக்கானோர் அங்கே கூடுகிறார்கள்.

1930-இல் இளைஞர் விடுதிச் சங்கம் தோன்றியபின், கையில் காசில்லாதவர்களும் மலையில் தங்க முடிந்தது. எனர்டேல் பள்ளத்தாக்கின் தலைமாட்டில் மேய்ப்பர் குடிசையாக இருந்த பிளாக் செயில் 1933 முதல் விடுதி. இப்போதும் அங்கே நடந்துதான் போக வேண்டும். இத்தகைய விடுதிகளில் படுக்கையைவிட முக்கியமானது ஈர உடை உலர்த்தும் அறை. நனைந்த கோட்டும் காலுறையும் கொடியில் தொங்க, அடுத்த நாள் போகும் வழி குறித்த பேச்சு பெரும்பாலும் அங்கேதான் நடக்கும். 1951-இல் ஏரி வட்டாரம் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது.

பாதைகளை எழுத்தில் நிலைநிறுத்தியவர் ஆல்ஃப்ரெட் வெய்ன்ரைட். பிளாக்பர்ன் நகரின் ஏழைக் குடும்பத்தில் பிறந்து, 23 வயதில் முதல்முறை விண்டர்மியருக்கு மேலேயுள்ள ஆரெஸ்ட் ஹெட் குன்றில் ஏறிப் பார்த்தவர், கெண்டல் நகராட்சிக் கணக்குத் துறையில் வேலை தேடிக்கொண்டு வந்துவிட்டார். கார் கிடையாது, வார இறுதியில் பஸ் பிடித்துப் போய் நடப்பார், மாலையில் வீட்டில் உட்கார்ந்து எழுதுவார், வரைவார். 1955 முதல் 1966 வரை வந்த ஏழு நூல்களில் 214 சிகரங்களை, எழுத்து உட்பட எல்லாவற்றையும் தன் கையாலேயே வரைந்து கொடுத்தார். கோட்டுப்படங்களில் எந்தக் கல்மேடு எங்கே, எந்தச் சதுப்பைச் சுற்றிப் போக வேண்டும் என்பதெல்லாம் இருக்கும். மேகம் மூடிய நாளில் வழி தேடுபவருக்கு இதைவிட உதவியான நூல் இல்லை. இன்று 214-ஐயும் ஏறி முடிப்பதையே குறிக்கோளாகக் கொண்டவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள்.

கூட்டம் பெருகியதும் விபத்தும் பெருகியது. 1947-இல் கெஸ்விக்கிலும் கோனிஸ்டனிலும் தன்னார்வ மலைமீட்புக் குழுக்கள் உருவாயின. ஊதியம் வாங்காத உள்ளூர் மக்கள், நள்ளிரவு மழையிலும் அழைப்பு வந்தால் கிளம்புகிறார்கள். குளிர்காலம் முழுக்க ஒருவர் தினமும் ஹெல்வெலின் உச்சிக்கு ஏறி, காற்று, பனி, பாதையின் நிலை ஆகியவற்றை நடப்பவர்களுக்கு அறிவிக்கும் ஏற்பாடும் இருக்கிறது.

இந்த நூற்றாண்டில் மழையே கடுமையாகியிருக்கிறது. 2009 நவம்பரில் சீத்வெய்ட்டில் 24 மணி நேரத்தில் 316.4 மில்லிமீட்டர் கொட்டியது. ஆறே ஆண்டில், 2015 டிசம்பர் 5 அன்று, ஹானிஸ்டர் கணவாயில் 341.4 மில்லிமீட்டர் பெய்து அந்தச் சாதனையை முறியடித்தது. டெஸ்மண்ட் என்று பெயரிடப்பட்ட அந்தப் புயல், 1764-இல் கட்டிய பூலி பாலத்தை அடித்துச் சென்றது. கிராஸ்மியரையும் கெஸ்விக்கையும் இணைக்கும் நெடுஞ்சாலை உடைந்து மே மாதம்வரை மூடிக்கிடந்தது. மலைப்பாதைகளும் சிறுபாலங்களும் ஏராளமாகச் சிதைந்தன.

பாதை அரிப்பு அதற்கு முன்பே பெரும் கவலையாக இருந்தது. பல்லாயிரம் கால்கள் புல்லை மிதித்துக் கிளப்புகின்றன. வெறும் மண்ணில் மழைநீர் இறங்கிப் பாதையை ஓடையாக்குகிறது. சேற்றைத் தவிர்க்க நடப்பவர் ஓரம் போகிறார், ஓரமும் கிளம்புகிறது. இப்படிச் சில பாதைகள் அகலமான புண்களாகி, தொலைவிலிருந்தே தெரிந்தன. இதற்குக் கண்ட மருந்து பொதிக்குதிரைக் காலத்துக் கல்பதிப்புதான். பெரிய கற்களை மண்ணுக்குள் ஆழமாக நட்டு, தலை மட்டும் தெரியும்படி நெருக்கிப் பதிக்கிறார்கள். கற்கள் ஹெலிகாப்டரில் மூட்டைகளாக மேலே போகின்றன. மீதி வேலை முழுதும் கை, கடப்பாரை. ஒரு நாள் முழுக்க உழைத்தால் சில மீட்டர் முடியும். சதுப்பில் கல் அமிழ்ந்துவிடும் என்பதால், ஹெர்ட்விக் ஆட்டின் கம்பளியை அடியில் பரப்பி மேலே பாதை போடும் பழைய உத்தியையும் திரும்பக் கொண்டுவந்திருக்கிறார்கள்.

நேஷனல் டிரஸ்டும் தேசியப் பூங்கா ஆணையமும் பிற அமைப்புகளும் சேர்ந்து நடத்தும் ஃபிக்ஸ் த ஃபெல்ஸ் திட்டத்தில் இந்த வேலை 2001 முதல் நடந்துவருகிறது. 2017-இல் யுனெஸ்கோ இந்த வட்டாரத்தை உலக மரபிடமாக ஏற்றபோது, மலையும் ஏரியும் மட்டுமல்லாமல், மேய்ப்பர்களின் வாழ்வும், இங்கே பிறந்த இலக்கியமும், நிலத்தைக் காக்க நடந்த இயக்கங்களும் காரணமாகச் சொல்லப்பட்டன. செப்பனிட்ட பாதைகளில் சில மீட்டருக்கு ஒன்றாகக் குறுக்கே கல் பதித்து, நீரைப் பக்கவாட்டில் திருப்பும் வாய்க்கால்கள் உண்டு. பெருமழைக்குப் பின் அவற்றில் சரளை அடைத்துக்கொள்ளும். தன்னார்வலர்கள் மண்வெட்டியோடு ஏறி ஒவ்வொன்றாகத் தூர்வாருகிறார்கள். அதைச் செய்யாமல் விட்டால், கல் பதித்த பாதையும் சில குளிர்காலங்களிலேயே பெயர்ந்துவிடும்.